போக வழியில்லாத உப்பு

அண்டார்க்டிகாவில் விழும் பனியை உருக்கி, அந்த நீரைச் சுண்டக் காய்ச்சினால் பாத்திரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. கடலோரப் பனியில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் உப்பு இருக்கலாம். கண்டத்தின் உள்ளே போகப் போக அதுவும் குறையும். அதே கண்டத்தில், கணுக்கால் நனையும் ஆழமே உள்ள ஒரு குட்டை இருக்கிறது. அதன் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் உப்பு. கடல்நீரில் இருப்பதோ மூன்றரைப் பங்குதான். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் அந்தக் குட்டை உறைவதில்லை. இத்தனை சுத்தமான நீர் விழும் இடத்தில் இத்தனை உப்பு எப்படிச் சேர்ந்தது?

விடையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அங்கே தண்ணீர் வெளியேற வழி இருக்கிறது, உப்பு வெளியேற வழி இல்லை. ஆனால் இந்த ஒரு வரிக்குள் நிறைய வேதியியல் ஒளிந்திருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லவேண்டும். ராஸ் கடலின் மேற்குக் கரையில் மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள் என்று ஒரு பகுதி. நான்காயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கும் வெறும் கல்லும் மணலும். அண்டார்க்டிகாவில் பனி மூடாத நிலங்களிலேயே மிகப் பெரியது இதுதான். கண்டத்தின் உட்பகுதிப் பனிப்பாளம் இந்தப் பக்கம் வழிந்துவிடாமல் குறுக்குமலைத் தொடர் தடுத்து நிற்கிறது. மலைமேலிருந்து இறங்கும் காற்று இறங்க இறங்கச் சூடேறி, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. 1903-இல் ராபர்ட் ஸ்காட்டின் குழு முதன்முதலாக இங்கே இறங்கி வந்து பார்த்தபோது பனியே இல்லாத பள்ளத்தாக்கைக் கண்டு வியந்தது. ஓராண்டில் விழும் பனியை நீராகக் கணக்கிட்டால் பள்ளத்தாக்குத் தரையில் 50 மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாது. அதிலும் பெரும்பகுதி உருகுவதில்லை. திண்ம நிலையிலிருந்து நேராக ஆவியாகிவிடும். ஆவியாவது நீர் மட்டுமே. பனியோடு வந்த உப்பும் அமிலமும் மண்மேலேயே தங்கிவிடும். கணக்கு இங்கேயே தொடங்குகிறது.

பனியில் உப்பு ஏது என்று கேட்கலாம். கடல் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகளாகி வருகின்றன. கடல் மிதவைப் பாசிகள் வெளியிடும் ஒரு கந்தக வாயு வானில் கந்தக அமிலமாக மாறி வருகிறது. நைட்ரிக் அமிலம் மேல் வளிமண்டலத்திலிருந்து இறங்குகிறது. இந்த நைட்ரேட் உலர் பள்ளத்தாக்குகளின் உயரமான மேடுகளில் பல லட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்து கிடக்கிறது. மழை அரிதாகவே பெய்யும் அட்டகாமா பாலைவனத்தில் நைட்ரேட் படிந்திருப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். பள்ளத்தாக்கு நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளைச் சோதித்து, அது வானத்திலிருந்து வந்ததுதான் என்று உறுதி செய்திருக்கிறார்கள்.

பனி உருகும்போது நடப்பதுதான் இன்னும் சுவாரசியம். விழுந்த பனித்துகள் அப்படியே கிடப்பதில்லை. நாளாக ஆக முனைகள் மழுங்கி, சிறு படிகங்கள் கரைந்து பெரியவை வளர்ந்து, மணிமணியாகத் திரளும். நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் அந்தப் படிகத்துக்குள் அயனிகளுக்கு இடமில்லை. சல்பேட், நைட்ரேட், குளோரைடு எல்லாம் மணியின் மேற்பரப்புக்குத் தள்ளப்படும். வசந்தத்தில் முதல் துளி நீர் உருகிக் கீழே இறங்கும்போது அந்த மேற்பரப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. குச்சி ஐஸை உறிஞ்சிய யாருக்கும் இது தெரியும்: முதல் சில இழுப்பிலேயே நிறமும் இனிப்பும் வந்துவிடும், பிறகு கையில் மிஞ்சுவது வெறும் வெள்ளை ஐஸ். 1970-களில் நார்வே ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, உருகும் நீரின் முதல் முப்பது சதவீதத்தில் பனியிலிருந்த மாசுகளில் ஐம்பது முதல் எண்பது சதவீதம் வெளியேறிவிட்டது. தொழிற்சாலைப் புகையால் அமிலம் ஏறிய பனி, வசந்தத்தில் ஒரேயடியாக அமிலத்தை ஓடைகளில் கொட்டியது. ஸ்காண்டிநேவிய நதிகளில் மீன்கள் செத்து மிதந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். சராசரி அளவை மட்டும் பார்த்திருந்தால் அந்த நீரில் குற்றம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

வடதுருவப் பனியில் இன்னொரு விருந்தாளியும் உண்டு, பாதரசம். 1995-இல் கனடாவின் வடகோடியிலுள்ள அலர்ட் நிலையத்தில் ஒரு புதிரைக் கவனித்தார்கள். நீண்ட இரவு முடிந்து சூரியன் தலைகாட்டியதும் காற்றிலிருந்த பாதரச ஆவி திடீர் திடீரென்று காணாமல் போனது. கடலுப்பிலிருந்து கிளம்பும் புரோமின், வெயில் பட்டதும் பாதரசத்தோடு வினைபுரிந்து அதைப் பனிமேல் படிய வைக்கிறது. படிந்ததில் ஒரு பங்கு வெயிலிலேயே மறுபடி ஆவியாகிப் போய்விடும். மிச்சம் உருகும் நீரோடு ஓடைக்கும் கடலுக்கும் போகிறது.

தெற்குக்குத் திரும்புவோம். உலர் பள்ளத்தாக்குகளில் பனி நேராக ஆவியாகிவிடும் என்றால் ஓடைகள் எப்படி ஓடுகின்றன? பனியாறுகளின் முகப்பு உருகுவதால்தான். டிசம்பர், ஜனவரியை ஒட்டி ஆறு முதல் பத்து வாரம் மட்டும் நீரோட்டம் இருக்கும். சூரியன் எந்த நேரத்தில் பனியாற்றின் செங்குத்து முகத்தை நேராகப் பார்க்கிறதோ, அந்த நேரத்தில் ஓடை பெருகும். பார்வை விலகினால் சுருங்கும். அண்டார்க்டிகாவின் மிக நீளமான ஆறான ஆனிக்ஸ் இப்படிப்பட்டதுதான். நீளம் சுமார் 32 கிலோமீட்டர். உலர் பள்ளத்தாக்குகளில் ஒன்றான ரைட் பள்ளத்தாக்கின் கடலோர முனையில், கீழ் ரைட் பனியாற்றில் பிறக்கிறது. ஒரு பக்கம் கடல் இருக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்டத்தின் உள்ளே ஓடி வாண்டா ஏரியில் விழுகிறது. விழுந்த பிறகு அந்த நீருக்கு மேலே போகும் வழி ஒன்றுதான் உண்டு.

இவ்வளவு குளிரில் பாறை கரையுமா என்றால், கரைகிறது. அதுவும் நல்ல வேகத்தில். ஓடையின் அடியிலும் ஓரத்திலும் உள்ள மணல், கோடையில் ஏறக்குறைய அரை மீட்டர் ஆழம்வரை இளகும். அதற்குக் கீழே நிரந்தர உறைநிலம். ஓடை நீர் இந்த மணலுக்குள் புகுந்து, சிறிது தங்கி, மறுபடி ஓடைக்கே திரும்பும். அங்கேதான் வேலை நடக்கிறது. உறைவதும் இளகுவதுமாகக் கற்கள் உடைந்து புதிய முகங்களைக் காட்டுகின்றன. குளிர்ந்த நீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் கரைவதால் லேசான கார்பானிக் அமிலம் எப்போதும் கைவசம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சிலிக்கா, கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றை நீரில் இறக்குகின்றன. ஆகவே ஓடை கீழே போகப் போக உப்பும் கூடிக்கொண்டே போகும். ஓடைப் படுகையின் பரப்பை மட்டும் கணக்கில் எடுத்தால், இங்கே சிலிக்கேட் பாறை கரையும் வேகம் வெப்பமான நாடுகளின் சில ஆற்றுப்படுகைகளைவிட அதிகம் என்று 1990-களுக்குப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. செடி இல்லை, வேர் இல்லை, மக்கிய இலை இல்லை, இருந்தும் இப்படி. குளிர் எல்லா வினைகளையும் நிறுத்திவிடும் என்று பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

ஓடையில் உயிரே இல்லை என்றும் சொல்ல முடியாது. கற்களின் மேல் கருப்பாகவும் ஆரஞ்சு நிறத்திலும் பாசிப்படலம் படர்ந்திருக்கும். ஓடை வற்றினால் அது காய்ந்து சருகாகி, குளிரில் அப்படியே கிடக்கும். 1990-களின் நடுவில், இன்னோர் உலர் பள்ளத்தாக்கான டெய்லரில் டயேன் மெக்நைட் குழுவினர், ஏறக்குறைய இருபது ஆண்டாக வறண்டு கிடந்த ஒரு பழைய ஓடைத்தடத்தில் நீரைத் திருப்பிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தச் சருகு ஒளிச்சேர்க்கை செய்யத் தொடங்கிவிட்டது. இந்தப் படலங்கள் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வழியிலேயே உறிஞ்சிக்கொள்வதால், ஏரிக்குப் போய்ச் சேரும் நீரில் உப்பு இருக்கும், ஊட்டம் இருக்காது.

இனி வாண்டா ஏரி. ஆழம் எழுபது மீட்டருக்கு மேல். மேலே மூன்று, நான்கு மீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி மூடி. கோடையில்கூடக் கரையோரம் மட்டுமே உருகும். பனிக்கட்டியை ஒட்டிய நீர் பூஜ்யம் டிகிரிக்கு அருகில், தெளிவாக, ஏறக்குறைய நன்னீராக இருக்கும். அடியில் உள்ள நீரோ கடலைவிட மூன்று மடங்குக்கு மேல் உப்பு. அதன் வெப்பம் ஏறக்குறைய 25 டிகிரி. ஆண்டுச் சராசரி வெப்பம் மைனஸ் 20 டிகிரி அளவில் இருக்கும் பள்ளத்தாக்கில், பனிக்கட்டிக்குக் கீழே வெதுவெதுப்பான உப்புநீர்!

அடியில் எரிமலைச் சூடு இருக்கும் என்றுதான் முதலில் பலருக்கும் தோன்றியது. பக்கத்திலேயே எரபஸ் எரிமலை புகைந்துகொண்டிருக்கும்போது அந்த ஐயம் நியாயமானதே. நியூசிலாந்தின் அலெக்ஸ் வில்சனும் ஹரோல்ட் வெல்மனும் 1962-இல் வேறொரு விளக்கம் சொன்னார்கள்: சூடு சூரியனிலிருந்துதான். கோடை முழுக்க அணையாத வெயில், கண்ணாடி போன்ற பனிக்கட்டி வழியாகவும் தெளிந்த நீர் வழியாகவும் அடிவரை இறங்குகிறது. சூடான நீர் மேலே எழவேண்டும். ஆனால் அடி நீரில் உப்பு அதிகம் என்பதால் அது கனமானது, சூடேறினாலும் எழ முடியாது. கலக்கிவிடக் காற்றும் இல்லை, மேலே மூடி இருக்கிறது. சேர்ந்த சூடு அங்கேயே தங்குகிறது. 1970-களில் ஏரியின் அடித்தரைக்குள் துளையிட்டுப் பார்த்தபோது கீழே போகப் போக வெப்பம் குறைந்தது. சூடு கீழிருந்து வந்திருந்தால் நேர்மாறாக இருந்திருக்கும். வில்சன் பக்கம்தான் சரி.

அதே வில்சன் 1964-இல் இதைவிட அழகான ஒரு காரியம் செய்தார். ஏரியில் மேலிருந்து கீழாகக் குளோரைடு எப்படிக் கூடுகிறது என்று வரைந்து பார்த்தார். கலக்கப்படாத நீரில் உப்பு தானாகப் பரவும் வேகம் நமக்குத் தெரியும்: ஆயிரம் ஆண்டுக்குச் சில மீட்டர்கள்தான். அடியில் ஆழமற்ற உப்புக்குட்டையாக ஒரு காலத்தில் ஏரி சுருங்கிக் கிடந்தது, பிறகு ஒரு கட்டத்தில் நன்னீர் வந்து அதன்மேல் நிரம்பியது, அன்றிலிருந்து உப்பு மெல்ல மேல்நோக்கிப் பரவிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இன்று காணும் வளைவு அச்சாக வருகிறது. எப்போது நிரம்பியது? சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன். காலநிலை மாறியதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லாத ஒரு கண்டத்தில், ஓர் ஏரியின் உப்பை மட்டும் வைத்து எழுதிய வரலாறு இது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கும் இதுவே.

அடிநீரில் ஆக்சிஜன் இல்லை. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. மேல்நீரில் நேர்மாறாக ஆக்சிஜன் தேவைக்கு மேல். நடுவில் எங்கோ ஓர் எல்லை. ஆறு கொண்டுவரும் மாங்கனீசு ஆக்சைடுத் துகள்கள், மேலே கிடைக்கும் கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொண்டு மூழ்குகின்றன. அந்த எல்லையைத் தாண்டியதும் துகள் கரைந்து, சுமந்து வந்ததையெல்லாம் விட்டுவிடுகிறது. மேல்நீர் இவ்வளவு சுத்தமாக இருப்பதில் இந்தத் துகள்களுக்கும் பங்கு உண்டு.

வாண்டாவின் அடியில் இருப்பது நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடு அல்ல, பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. இங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, தொடக்கத்தில் சொன்ன குட்டையிலும் அதேதான், இன்னும் கெட்டியாக. அதன் பெயர் டான் ஹுவான் குட்டை. 1961-இல் அதை முதலில் ஆராயப் போன குழுவை ஏற்றிச் சென்ற இரு ஹெலிகாப்டர் விமானிகளின் பெயர்களான டான், ஜான் இரண்டையும் இணைத்து வைத்த பெயர். கடலில் அதிகம் இருப்பது சோடியம் குளோரைடாக இருக்க, இங்கே மட்டும் கால்சியம் எப்படி முன்னுக்கு வந்தது?

ஒரு காரணம் குளிரே. உப்புநீர் உறையும்போது நீர் மட்டும் பனிக்கட்டியாகிப் பிரியும், மிச்ச நீர் கெட்டியாகும். கெட்டியாக ஆக ஒவ்வொரு உப்பும் தன் முறை வந்ததும் படிகமாகி அடியில் இறங்கிவிடும். முதலில் கால்சியம் கார்பனேட். மைனஸ் 6, 7 டிகிரியில் சோடியம் சல்பேட், மிராபிலைட் என்ற படிகமாக. ஏறக்குறைய மைனஸ் 23 டிகிரியில் சாதாரண உப்பும் இரண்டு நீர் மூலக்கூறுகளைக் கட்டிக்கொண்டு விழுந்துவிடும். எதற்கும் அசையாமல் கடைசிவரை கரைசலிலேயே நிற்பது மக்னீசியம், கால்சியம் குளோரைடுகள். இன்னொரு காரணம் மண். சோடியம் நிறைந்த நீர் மண்ணுக்குள் ஊடுருவும்போது, மண்துகள் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு தன்னிடமிருந்த கால்சியத்தை விடுகிறது. எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.

டான் ஹுவான் குட்டைக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதிலும் அப்படியே. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டிக்சனும் ஜேம்ஸ் ஹெட்டும் அங்கே கேமராக்களை நிறுத்தி இரண்டு மாதத்தில் சுமார் 16,000 படங்கள் எடுத்தார்கள். 2013-இல் வெளியான அவர்கள் முடிவு: சரிவிலுள்ள கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரைகிறது, அவ்வப்போது உருகும் பனிநீர் அதைக் கழுவிக் குட்டையில் சேர்க்கிறது. படங்களில், காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் சரிவில் கருந்தடங்கள் தோன்றுவது தெரிந்தது. கால்சியம் குளோரைடின் இந்தக் குணத்தை நம்பித்தான் அலமாரி ஈரத்தை உறிஞ்சும் டப்பாக்களில் அதைப் போட்டு விற்கிறார்கள். ஆனால் 2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோனத்தன் டோனரும் உடன் ஆய்ந்தவர்களும், அந்த வழியில் வரும் உப்பின் சேர்மானம் குட்டையோடு பொருந்தவில்லை, ஆழத்திலிருந்து ஊறிவரும் நிலத்தடி நீர்தான் மூலம் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். குட்டைத் தரையில் படியும் உப்புக்கு ஆன்டார்க்டிசைட் என்று பெயர். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1965-இல் முதன்முதலாக இங்கேதான் அதை விவரித்தார்கள். செவ்வாய்க் கோளின் சரிவுகளில் தெரியும் கருங்கோடுகளை ஆராய்பவர்களும் இந்தக் குட்டையை விடுவதாக இல்லை.

பக்கத்து டெய்லர் பள்ளத்தாக்கில் வேறொரு காட்சி. டெய்லர் பனியாற்றின் முகப்பிலிருந்து பானி ஏரியை நோக்கிச் செக்கச்செவேலென்று ஒரு ஒழுக்கு. 1911-இல் அதைக் கண்ட புவியியலாளர் கிரிஃபித் டெய்லர் செம்பாசி என்று நினைத்தார். உண்மையில் அது துரு. பனியாற்றுக்கு அடியில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக அடைபட்ட பழைய கடல்நீர் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாததால் அதிலுள்ள இரும்பு நிறமில்லாமல் கரைந்து கிடக்கிறது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் சிவக்கிறது. உள்ளே வாழும் நுண்ணுயிரிகள் சல்பேட்டை இடைத்தரகராக வைத்துக்கொண்டு இரும்பைச் சுவாசிக்கின்றன என்று 2009-இல் ஜில் மிகுக்கி குழு எழுதியது. இருட்டிலும் குளிரிலும் அடைபட்ட அந்த உயிர்களுக்கு இதுவே ஜீவனம்.

இதே இரும்பு வேதியியல் வடதுருவத்தை ஒட்டி இப்போது வேறு முகம் காட்டுகிறது. அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில், கண்ணாடியாக ஓடிய ஓடைகள் ஆரஞ்சு நிறமாகி வருகின்றன. 2024-இல் வெளியான ஆய்வு 75 ஓடைகளைப் பட்டியலிட்டது. உறைநிலம் இளக, அதற்குள் மூடிக் கிடந்த பைரைட் போன்ற சல்பைடு தாதுக்களை நீரும் ஆக்சிஜனும் எட்டுகின்றன. கந்தக அமிலம் உண்டாகி, இரும்போடு துத்தநாகம், காட்மியம் போன்றவற்றையும் கரைத்து வெளியே தள்ளுகிறது. சுரங்கக் கழிவுநீரில் நடக்கும் அதே வினை, சுரங்கமே தோண்டாத இடத்தில். மீன்களுக்கும் அந்த நீரை நம்பிய ஊர்களுக்கும் அது கவலை தருகிறது.

துருவ ஏரி என்றாலே உப்பு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அண்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையம் 1989 முதல் இயங்கும் சிர்மாக்கர் சோலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் உண்டு, பெரும்பாலானவை நன்னீர். நிலையத்தாருக்குக் குடிநீர் பக்கத்திலுள்ள பிரியதர்ஷினி ஏரியிலிருந்து வருகிறது. பனிநீர் வந்து தேங்கி, மீண்டும் வடிய வழி இருக்கும் இடத்தில் உப்பு தங்குவதில்லை.

வாண்டாவுக்கு அந்த வசதி இல்லை, ஆனால் வரத்து கூடியிருக்கிறது. நியூசிலாந்து 1969 முதல் ஏரிக்கரையில் ஒரு நிலையம் நடத்தியது. அங்கே பனிக்கட்டி விளிம்பில் தேங்கும் நீரில் தலை முழுக முங்கி எழுந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள ‘ராயல் வாண்டா நீச்சல் சங்கம்’ என்று விளையாட்டாக ஒன்றும் இருந்தது. வெந்நீர் எழுபது மீட்டருக்குக் கீழே இருக்க, இவர்கள் முங்கியது பூஜ்யம் டிகிரியை ஒட்டிய நீரில். ஆனிக்ஸ் கொண்டுவரும் நீர் ஆவியாகிப் போகும் அளவை மிஞ்சியதால் ஏரி மட்டம் ஏறிக்கொண்டே வந்து, 1990-களின் நடுவில் நிலையத்தைக் கழற்றி எடுக்கவேண்டியதாயிற்று. கட்டடங்களோடு, எண்ணெயும் கழிவும் பட்டிருந்த மண்ணையும் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். விட்டுவிட்டு வந்திருந்தால் ஏறி வரும் நீர் அதைக் கரைத்து ஏரியில் சேர்த்திருக்கும், அதன் பிறகு அதை வெளியேற்ற யாராலும் முடிந்திருக்காது.